படியும் பிடியும்

இலண்டனில் எங்கள் ஆட்கள் வீடு வாங்கினால் முதலில் பால் காய்ச்சுவார்கள். இரண்டாவது வேலை சுவர் உடைப்பது. முன்னறைக்கும் பின்னறைக்கும் நடுவிலுள்ள சுவர் போகும். பிறகு குசினிச் சுவர் போகும். கையில் காசு மிஞ்சினால் கூரைக்குள் ஓர் அறை எழும்பும். ஏன் என்று கேட்டால் "காத்து வரட்டும்" என்பார்கள். ஒரு அறைக்குள் ஐந்தாறு பேர் முறைவைத்துப் படுத்தெழும்பிய காலம் எல்லோருக்கும் இருந்தது. சுவரைக் கண்டால் கை துறுதுறுப்பது அதனாலாகவும் இருக்கலாம்.

உடைப்பதில் எங்களுக்குக் கோபமில்லை. உடைக்கமுன் அந்தச் சுவர் அதுவரை என்ன வேலை பார்த்துக்கொண்டிருந்தது என்று ஒருமுறை கேட்கவேண்டும் என்பதுதான் எங்கள் கட்சி. இது படித்து வந்த ஞானமல்ல. 2023ஆம் ஆண்டு தை தொடக்கம் பங்குனி வரை, திங்கட்கிழமைகளில், ஈஸ்ற்ஹாமில் ஒரு வீட்டின் மூடிக்கிடந்த படிக்கட்டைத் திறந்து அதற்குக் கைபிடி போட்டதில் வந்தது.

நாங்கள் என்றால் மூன்று பேர். ஒரே றெஸ்ரோரன்றின் குசினியில் நிற்கிறவர்கள். இருவர் அந்த வீட்டின் மேல் பின்னறையில் வாடகைக்கு இருக்கிறோம். மற்றவர் இல்போர்ட்டிலிருந்து பஸ் பிடித்து வருவார். வீடு எங்கள் குசினியின் பெரியவருடையது. அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். பதினைந்து வருடம் அடுப்பில் வெந்து, மோர்ட்கேஜ் எடுத்து வாங்கிய வீடு. திங்கள் கடை பூட்டு. தை மாதத்தில் வியாபாரமும் படுத்துவிடும்.

வீடு இருபதாம் நூற்றாண்டு பிறக்கும் காலத்தில் வரிசையாகக் கட்டப்பட்ட வீடுகளில் ஒன்று. அந்த மாதிரி வீடுகளைப் பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. முன்கதவைத் திறந்தால் ஒடுங்கிய நடை. அடுத்த வீட்டோடு பொதுவான சுவரை ஒட்டி நேரே மேலேறும் படிக்கட்டு. நடை அதன் பக்கத்தால் உள்ளே போய்க் குசினியில் முடியும். குசினிக்கும் பின்னால் பாத்றூம். கட்டிய காலத்தில் வீட்டுக்குள் பாத்றூமே இருக்கவில்லை. பிறகு சேர்த்தபோது கீழேதான் இடம் கிடைத்திருக்கிறது. படுக்கை மேலே, பாத்றூம் கீழே. இளம்வயதில் இது ஒரு குறையே அல்ல.

படிக்கட்டின் நடைப்பக்கம் தொடக்கத்தில் திறந்துதான் இருந்திருக்கிறது. கடைந்த கம்புகளும் மேலே கைபிடி மரமுமாக. பிறகு ஒருகாலத்தில் அதை ஹாட்போட் பலகையால் இரண்டு பக்கமும் மூடியிருக்கிறார்கள். அது அந்தக் காலத்து நாகரிகம். 1962இல் பி.பி.சி. தொலைக்காட்சியில் பாரி பக்னெல் என்பவர் ஈலிங்கில் ஒரு பழைய வீட்டை வாராவாரம் திருத்திக் காட்டினார். துர்க்கை அம்மன் கோயிலால் எங்கள் சனத்துக்குத் தெரிந்த அதே ஈலிங். பூவேலை, கடைசல், சட்டம் போட்ட கதவு எல்லாம் தூசி பிடிக்கிற பழசு. ஹாட்போட் அடித்து மட்டமாக்கி வெள்ளை பூசினால் புதுசு. நாடு முழுக்க அந்தக் காலத்தில் இப்படித்தான் நடந்திருக்கிறது. எங்கள் வீட்டில் அதற்கு மேலும் ஒன்று நடந்திருந்தது. அண்ணைக்கு முன் இருந்த ஒரு வீட்டுக்காரர் மேலே ஒரு வாடகை, கீழே ஒரு வாடகை என்று பிரிப்பதற்காக நிலத்திலிருந்து முகடுவரை மரச்சட்டம் அடித்து, பலகையால் மூடி, படிக்கட்டின் காலடியில் பூட்டோடு ஒரு கதவும் வைத்துவிட்டார். படிக்கட்டு ஒரு சுரங்கமாகிவிட்டது. அகலம் 75 சென்ரிமீற்றர். யன்னலின் வெளிச்சம் கிடையாது. பிடிப்பதற்கு இடமும் இல்லை வலமும் இல்லை. விளக்குச் சுவிச் கீழே, கதவுக்கு வெளியே.

நாங்கள் அதில் வருடக்கணக்காக ஏறி இறங்கினோம். ஒருவரும் விழவில்லை. விழாததால் அதைப்பற்றி ஒருவரும் யோசிக்கவுமில்லை.

2022 ஐப்பசியில் அண்ணையின் அம்மா வந்தார். ஆறு மாத விசிற் விசா. வயது எழுபத்து நாலு. வடமராட்சியில் தன் வளவுக்குள் கோடாலி பிடித்து விறகு கொத்துகிற மனுசி. வந்து ஒரு மாதத்துக்குள் பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு தேத்தண்ணி வேண்டாம் என்று சொல்லத் தொடங்கினார். இரவில் சோறும் வேண்டாம், இரண்டு பிஸ்கற் போதும் என்றார். ஏதோ விரதம் என்று அக்கா நினைத்தார். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று அண்ணை நினைத்தார்.

கார்த்திகையில் ஒருநாள் வேலை முடிந்து ஒரு மணிக்கு வந்து காலடிக் கதவைத் திறந்து விளக்கைப் போட்டால், படிக்கட்டின் நடுவில் அம்மா இருக்கிறார். நிற்கவில்லை, இருக்கிறார். சின்னப்பிள்ளைகள் இறங்குவதுபோல இருந்து இருந்து ஒவ்வொரு படியாக.

"ஆர் மோனை? நீங்களே? ஒண்டுமில்லை, பாத்றூமுக்கு."

"லைற்றைப் போட்டிருக்கலாமே அம்மா?"

"லைற் கீழையெல்லே கிடக்கு."

அவர் போய்த் திரும்பி வரும்வரை நடையில் நின்றோம். ஏறும்போது இரண்டு கையாலும் முன்னாலுள்ள படியைப் பிடித்துக்கொண்டு, தவழ்ந்துதான் ஏறினார். மேலே போனதும் சீலையைச் சரிசெய்துகொண்டு, "தம்பியிட்டைச் சொல்லிப்போடாதேங்கோ. வீடு வாங்கின சந்தோசத்திலை இருக்கிறான்" என்றார்.

சொல்லத்தான் செய்தோம். அடுத்தநாள் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போது சொன்னோம். அண்ணை ஒன்றும் பேசவில்லை. அன்று முழுக்கக் குசினியில் ஒருவரோடும் அவர் பேசவில்லை.

எங்கள் ஊர்களில் படிக்கட்டு என்பது பழக்கத்தில் இருந்த பொருளல்ல. மேல்வீடு என்றால் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கச்சேரி. படுக்கிற இடத்துக்கும் கிணற்றடிக்கும் நடுவில் ஒரு முற்றம்தான் இருந்தது. விழுந்துவிடக்கூடாது என்று நாங்கள் பழகிய இடம் கிணறு. வீட்டுக் கிணற்றுக்குக் கட்டு உண்டு. இடுப்பளவு. அதில் வாளியை வைப்போம், சாய்ந்து நின்று கதைப்போம், பிள்ளைகள் எட்டிப் பார்க்கும். கட்டில்லாத தோட்டக் கிணற்றருகே போகும்போது மட்டும் கால் தானாகக் கவனம் எடுக்கும். கிணற்றுக்கட்டுக்குச் சொன்ன அந்தக் கணக்கேதான் கைபிடிக்கும். ஆள் சாயும்போது உடம்பின் பாரம் தடுப்புக்கு மேலால் போய்விடக்கூடாது, பிள்ளை நுழையக்கூடாது, பிள்ளை கால் வைத்து ஏறவும் கூடாது. இங்கிலாந்தின் கட்டிட விதிகள் இதையே மில்லிமீற்றரில் சொல்கின்றன. வீட்டுக்குள் படிக்கும் மேல்நடைக்கும் தடுப்பு 900 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது. கைபிடி 900க்கும் 1000க்கும் நடுவில். கம்புகளின் இடைவெளியால் 100 மில்லிமீற்றர் விட்டமுள்ள உருண்டை நுழையக்கூடாது. அந்த உருண்டை ஒரு குழந்தையின் தலைக்குப் பதில். குறுக்குச் சட்டங்களை ஏணிபோல அடிக்கக்கூடாது. அந்த வீட்டில் இரண்டு வயதில் ஒரு பெண்பிள்ளையும் இருக்கிறாள்.

அண்ணை முடிவெடுத்தால் பெரிதாகத்தான் எடுப்பார். படிச்சுரங்கத்தை மட்டுமல்ல, நடைக்கும் முன்னறைக்கும் நடுவிலுள்ள சுவரையும் எடுத்துவிட்டால் வீடு முழுக்க ஒரே ஹோல், நடுவில் படிக்கட்டு, வருகிறவர்கள் பார்த்துக்கொண்டு நிற்பார்கள் என்றார். கைப்பேசியில் படங்களும் வைத்திருந்தார். அண்ணைக்குத் தெரிந்த ஒரு போலந்துக்காரத் தச்சர் வந்து பார்த்தார். அறுபதை நெருங்கிய மனிதர். அதிகம் பேசமாட்டார். ஊரில் நாங்கள் தச்சரை மரியாதையாக ஓடாவியார் என்போம். இவரையும் முதல் நாளிலிருந்தே அப்படித்தான் அழைத்தோம். என்னவென்று கேட்டு, தானும் சொல்லிப் பார்த்துச் சிரித்தார்.

ஓடாவியார் நடைச்சுவரைத் தட்டிப் பார்த்தார். மேலே போய் அறைகளின் யன்னல்களைத் திறந்து பார்த்தார். கீழே வந்து, "இரவில் குசினியில் தீ பிடித்தால் மேலே உள்ளவர்கள் எப்படி வெளியே வருவார்கள்?" என்று கேட்டார். படியால் என்றார் அண்ணை. "படி ஹோலுக்குள் நின்றால் புகை முதலில் எங்கே போகும்?"

இந்தக் கேள்வியை எங்களிடம் கேட்கத் தேவையில்லை. குசினியில் நிற்கிறவர்களுக்கு எண்ணெய்த் தீ என்னவென்று தெரியும். புகைதான் முதலில் வரும், அது மேலே ஏறும், படிக்கட்டைக் கண்டால் புகைபோக்கியைக் கண்டதுபோல ஏறும். எங்கள் கடையில் குசினிக்கும் சாப்பாட்டறைக்கும் நடுவிலுள்ள பாரக் கதவுக்கு ஆப்பு வைத்துத் திறந்துவிட்டால் முதலாளி கத்துவார். கோப்பை கழுவ வந்த முதல் கிழமையிலேயே அந்தப் பேச்சு எல்லோருக்கும் விழுந்திருக்கும். அதே ஆட்கள் வீட்டுக்கு வந்து சுவரை உடைத்து அறையையும் படியையும் ஒன்றாக்குகிறோம். 2017 ஆனி 14இல் கிரென்பெல் கோபுரம் எரிந்ததை இந்த நகரத்தில் இருந்தவர்கள் பார்த்தோம். 24 மாடி, இறங்குவதற்கு ஒரேயொரு படிக்கட்டு, 72 பேர். அங்கே தீ பரவியதற்குக் காரணங்கள் வேறு, வீடு வேறு என்பது உண்மை. ஆனால் புகை நிறைந்த ஒற்றைப் படிக்கட்டு என்றால் என்ன என்று அதற்குப் பிறகு எவருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இரண்டு மாடி வீட்டில் படிக்கட்டு நேரே ஓர் அறைக்குள் இறங்கக்கூடாது என்றில்லை. அப்படியென்றால் மேலறை ஒவ்வொன்றிலும் ஆள் வெளியேறக்கூடிய யன்னல் வேண்டும். திறந்த இடம் குறைந்தது 0.33 சதுரமீற்றர், உயரமும் அகலமும் 450 மில்லிமீற்றருக்குக் குறையாமல், திறக்கும் பகுதியின் அடி நிலத்திலிருந்து 1100 மில்லிமீற்றருக்கு மேற்படாமல். எங்கள் பின்னறை யன்னலில் மேலே ஒரு சின்னக் கண்ணாடிதான் திறக்கும். அதால் ஒரு பூனை போகலாம். அண்ணை எங்களைப் பார்த்தார், யன்னலைப் பார்த்தார். நடைச்சுவர் அன்று தப்பியது. படிச்சுரங்கத்தின் பலகை மட்டும் போவதென்றும், படி நடைக்குள்ளேயே நிற்பதென்றும், நடையில் திறக்கும் அறைக்கதவுகள் எல்லாம் நிற்பதென்றும் முடிவாயிற்று. குசினிக்குத் தானாகச் சாத்திக்கொள்ளும் தீக்கதவு. கீழ்நடையிலும் மேல்நடையிலும், மின்சாரத்தில் ஓடுகிற, ஒன்று அலறினால் மற்றதும் அலறுகிற புகைமணிகள். கவுன்சிலின் கட்டிடப் பகுதிக்கும் அறிவித்தோம். பின்னறை யன்னலையும் அந்த மாசியிலேயே அண்ணை மாற்றினார், நாங்கள் கேட்கவில்லை.

பலகையில் கைவைக்கமுன் இரண்டு சோதனை. ஒன்று அஸ்பெஸ்ரஸ். இந்த நாட்டில் அது முற்றாகத் தடைசெய்யப்பட்டது 1999இல். அதற்கு முன் திருத்திய வீட்டில், அதுவும் படிக்குக் கீழே மின்மீற்றர் இருக்கும் அறையில், பலகைபோல இருப்பது எல்லாம் பலகை என்று நம்பக்கூடாது. ஆள் வந்து துண்டெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். பக்கப்பலகை வெறும் ஹாட்போட். ஒருபக்கம் வழுவழுப்பு, மறுபக்கம் சாக்குத் துணியின் நெசவுபோல அச்சு. படிக்குக் கீழிருந்ததிலும் நஞ்சில்லை. இருந்திருந்தால் எங்கள் வேலை அந்த இடத்திலேயே நின்றிருக்கும், அதை எடுக்க அனுமதிப்பத்திரம் உள்ளவர்கள்தான் வரவேண்டும். மற்றது ஈயம். பழைய வீட்டின் பெயின்ற் அடுக்குகளில் கீழுள்ளவற்றில் ஈயம் இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளவேண்டும். காய்ந்த பெயின்ற்றை உரஞ்சினால் அந்தத் தூள் பிள்ளையின் கையிலும் வாயிலும் போய்ச்சேரும். நனைத்துத்தான் உரஞ்சினோம். அந்தக் கிழமைகளில் அக்காவும் பிள்ளையும் அம்மாவும் ஹரோவில் அக்காவின் தங்கை வீட்டில் இருந்தார்கள். அது கீழ்மாடி பிளாற். அங்கே அம்மா இரவு ஒன்பது மணிக்குத் தேத்தண்ணி கேட்டு வாங்கிக் குடிக்கிறாராம் என்று அண்ணை எங்களிடம் சொன்னார். சொல்லிவிட்டு மறுபக்கம் திரும்பி ஆணி பிடுங்கினார்.

பலகையைக் கழற்றியபோது உள்ளே பழைய கம்புகள் நின்றன. எத்தனையோ வருட இருட்டு. சிலந்திக்கூடு, ஒரு பழைய பஸ் ரிக்கற், ஒரு பொம்மைக் கார். படிக்கு இரண்டு வீதம் 26 கம்பு இருந்திருக்கவேண்டும். 17 நின்றன. காலடித் தூணின் தலையைப் பலகை மட்டமாக இருப்பதற்காக அறுத்துவிட்டிருந்தார்கள். அடுத்த வேலைக்கு அந்த முன்னைய வீட்டுக்காரரை ஓடாவியார் தன் மொழியில் ஏசினார். மேலே, படிக்கட்டு மேல்நடையைத் தொடும் இடத்தில் நிற்கவேண்டிய தூணையும் நடுவில் அறுத்திருந்தார். அந்தத் தூண் அழகுக்கு நிற்பதல்ல. படியின் பக்கப்பலகையும் மேல்நடையின் விளிம்பிலுள்ள தீராந்தியும் அதில்தான் வந்து சேர்கின்றன. தூணை அறுத்தபிறகு அந்தப் பாரத்தை எது தாங்கிக்கொண்டிருந்தது? நாங்கள் எடுத்தெறிய இருந்த அதே மரச்சட்டம். வெறும் தடுப்பாக அடித்த சட்டம், காலப்போக்கில் தானாகவே தூணாகிவிட்டது. சம்மட்டியோடு ஒரு பின்னேரத்தில் அதை வீழ்த்தியிருந்தால் மேல்நடையும் எங்களோடு கீழே வந்திருக்கலாம்.

ஓடாவியார் அன்று வேறு எந்த வேலையும் செய்யவில்லை. இரும்பு முட்டுக்கள் இரண்டு கொண்டுவந்து, கீழே பலகை வைத்துப் பாரத்தைப் பரப்பி, தீராந்திக்கு முட்டுக்கொடுத்தார். திருகாணியை மெல்ல மெல்ல முறுக்கி, மேலே உள்ள சாந்தில் ஒரு கீறல் விழுகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றார். முட்டு நின்றபின்தான் சட்டத்தை ஒவ்வொன்றாக அறுத்தோம். புதுத் தூண் வந்து, பக்கப்பலகையும் தீராந்தியும் அதில் பொருந்தி, பசை காய்ந்து, அடுத்த திங்கள்தான் முட்டைக் கழற்றினார்.

இன்னொன்றில் அவர் பிடிவாதம். பலகை போன அன்றே, வீட்டுக்குப் போகமுன், திறந்த பக்கத்தில் தற்காலிகமாகச் சட்டம் அடித்தார். களைத்துப்போயிருந்தோம், நாளைக்குப் பார்க்கலாம் என்றோம். "நீங்கள் இரவு ஒரு மணிக்கு வருகிறவர்கள்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. பழகிய சுவர் அங்கே இருக்கிறது என்று உடம்பு நினைத்துக்கொண்டிருக்கும். மூளைக்குத் தெரிந்தாலும் நித்திரைத் தூக்கத்தில் தோள் சுவரைத் தேடிப்போகும்.

காலடித் தூண் எப்படி நிற்கவேண்டும் என்பதில் எங்களுக்குள் ஒரு சண்டை நடந்தது. நிலப்பலகையில் வைத்து நாலு ஸ்குறூ முறுக்கினால் போதாதா என்றார் அண்ணை. எங்களில் ஒருவர் கம்பஸில் முதலாம் வருடப் பௌதிகத்தோடு படிப்பை விட்டுவிட்டு வந்தவர். மிச்சமிருந்த அந்தப் பௌதிகம் இதற்குப் பயன்பட்டது. வீட்டுக் கைபிடியை ஒவ்வொரு மீற்றருக்கும் 0.36 கிலோநியூற்றன் பக்கவிசை தாங்குமளவுக்குப் போடவேண்டும் என்பது கணக்கு. அதாவது சுமார் 37 கிலோவின் பாரம் பக்கவாட்டில் தள்ளுவதுபோல. தள்ளுவது 900 மில்லிமீற்றர் உயரத்தில். தூணின் அடியில் பிடித்துவைப்பது 100 மில்லிமீற்றர் அகலத்துக்குள் இருக்கிற ஸ்குறூக்கள் என்றால் நெம்புகோல் ஒன்பது மடங்கு. 37 கிலோ தள்ளினால் ஸ்குறூவை இழுப்பது 330 கிலோ. அதுவும் நூறு வருடத்து நிலப்பலகையிலிருந்து. வயதான ஒருவர் தடுமாறினால் 37 கிலோவோடு நிறுத்தமாட்டார், முழு உடம்பையும் கொடுப்பார். சாப்பாட்டுப் பில்லின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினோம். அண்ணை பில்லைப் பார்த்தார், ஓடாவியாரைப் பார்த்தார். ஓடாவியார் ஏற்கெனவே நிலப்பலகையை அறுத்துக்கொண்டிருந்தார். தூண் பலகைக்குக் கீழே இறங்கி, தீராந்தியின் பக்கத்தில் இரண்டு பெரிய போல்ற்றால் இறுகி, அடுத்த தீராந்திக்கும் ஒரு குறுக்கு மரம் போட்டு நின்றது. பலகையைத் திரும்ப மூடியபிறகு அதில் ஒன்றும் தெரியாது. பார்க்கிறவர்கள் தூணின் தலையிலுள்ள உருண்டையைத்தான் வடிவென்று சொல்கிறார்கள்.

படிப்பக்கத்தில் குறைந்த ஒன்பது கம்புகளையும் பழைய வீட்டு மரங்கள் விற்கும் ஒரு முற்றத்தில் தேடிப் பிடித்தோம். ஓரளவு ஒத்துப்போகும், உற்றுப் பார்த்தால் கடைசல் வேறு. மேல்நடையில் தடுப்பே மிஞ்சியிருக்கவில்லை. தூணுக்கும் சுவருக்கும் நடுவில் 1850 மில்லிமீற்றர். கம்பின் சதுர அடி 41 மில்லிமீற்றர். 13 கம்பு வைத்தால் நடுவில் 94 மில்லிமீற்றர் இடைவெளி, நூறுக்குள் வருகிறது, சரி என்று கடைக்காரப் பெடியன் கணக்குப் போட்டுத் தந்தான். ஓடாவியார் தலையாட்டவில்லை. கடைந்த கம்பு அடியில் மட்டும்தான் 41. கழுத்து ஒடுங்கும் இடத்தில் 25. அந்த இடத்தில் இடைவெளி 110 ஆகிவிடும். பிள்ளையின் தலை அடியைத் தேடிப் போகாது, அகலமான இடத்தைத்தான் தேடும். 14 வைத்தாலும் 101. ஆகவே 15. இரண்டு கம்பின் காசு கூட. இதைப் படிக்கிறவர்கள் தங்கள் வீட்டுக் கம்புகளை அளப்பதாக இருந்தால் ஒடுங்கிய இடத்தில் அளக்கவும்.

கைபிடியின் உயரத்தைப் படியின் மூக்கிலிருந்து நேர்குத்தாக அளக்கவேண்டும். ஓடாவியார் மேற்படியின் மூக்கிலிருந்து கீழ்ப்படியின் மூக்குவரை நூல் கட்டித் தூக்குக்குண்டு போட்டு அளந்தார். படிகள் செங்குத்து. ஏற்றம் 205, மிதி 215 மில்லிமீற்றர். இப்போது புதிதாகக் கட்டினால் 42 பாகைக்கு மேல் சரிவு கூடாது, இது அதைத் தாண்டுகிறது. பழைய படியை இடித்துக் கட்டச் சொல்வதில்லை. ஆனால் செங்குத்துப் படிக்குத்தான் பிடி அதிகம் வேண்டும். ஒரு மீற்றருக்குக் குறைந்த அகலமென்றால் ஒருபக்கக் கைபிடி போதும் என்பது விதி. அம்மாவுக்கு வலது முழங்கால் மோசம். ஏறும்போது நல்ல பக்கமாக இருப்பது இறங்கும்போது மறுபக்கமாகிவிடும். ஆகவே சுவர்ப்பக்கமும் போட்டோம். அதற்கு மொப்ஸ்ரிக் என்கிற உருண்டை மரம். ஊர் பாசையில் தும்புத்தடி என்று வைத்துக்கொள்ளலாம், கொஞ்சம் தடிப்பு. கை முழுக்கச் சுற்றிப் பிடிக்கக்கூடியதாக இருக்கவேண்டும். அகலமான அலங்காரக் கைபிடியில் கை தடவிக்கொண்டு போகுமே தவிர விழும்போது பிடிக்காது. சுவருக்கும் மரத்துக்கும் நடுவில் விரல் உரசாமல் 50 மில்லிமீற்றர். பழைய சாந்து மாவாக உதிர்ந்தது, அதைத் தாண்டிச் செங்கலுக்குள் போகும் நீள ஸ்குறூ. மேற்படிக்கும் கீழ்ப்படிக்கும் அப்பால் 300 மில்லிமீற்றர் மரத்தை நீட்டிவிட்டோம். படி முடிந்துவிட்டது என்று இருட்டில் காலுக்கு முன் கைக்குத் தெரியும். மின்சாரக்காரர் வந்து மேலேயும் ஒரு சுவிச் வைத்தார். நூறு வருட வீட்டில் மேலும் கீழுமாக ஒரே விளக்கை இயக்கமுடியும் என்பது ஒரு புதினமே அல்ல, ஒருவரும் கேட்காததால் இல்லை, அவ்வளவுதான்.

பங்குனி நடுவில் அம்மா ஹரோவிலிருந்து வந்தார். படியடியில் நின்று மேலே பார்த்தார். இதெல்லாம் எவ்வளவு முடிந்தது என்று கேட்டார். அண்ணை பாதிதான் சொன்னார். அம்மா தூணைப் பிடித்து இரண்டுதரம் ஆட்டிப் பார்த்தார். பசுவைக் கட்டமுன் கட்டையை ஆட்டிப் பார்ப்பதுபோல. அது அசையவில்லை. பிறகு இரண்டு கையாலும் இரண்டு பிடியையும் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபடி ஏறினார். பாராட்டு ஒன்றும் வரவில்லை. "கம்பெல்லாம் ஒண்டுக்கொண்டு வேறையா இருக்கு" என்றார். அன்றிரவு வேலைமுடிந்து வந்தபோது குசினித் தொட்டிக்குள் கழுவாத தேத்தண்ணிக் கோப்பை ஒன்று கிடந்தது. எங்களில் ஒருவர் அதைக் கழுவி வைத்தார்.

விசா முடிய நாலு கிழமைதான் இருந்தது. சித்திரையில் போய்விட்டார்.

இப்போது அண்ணை கூரைக்குள் அறை எழுப்பும் கதையில் இருக்கிறார். மூன்றாம் மாடி வந்தால் படிக்கட்டின் கணக்கே வேறு. மேலிருந்து முன்கதவுவரை படி முழுக்கத் தீயைத் தாங்கும் சுவர்களுக்குள் நிற்கவேண்டும், அதில் திறக்கும் அறைக்கதவுகள் எல்லாம் தீக்கதவாகவேண்டும். கூரையறை உள்ள வீட்டில் கீழ்நடைச் சுவரை உடைத்தவர்கள் எங்கள் ஆட்களில் எத்தனையோ பேர். ஓடாவியார் இதைச் சொன்னபோது அண்ணை நடைச்சுவரைத் திரும்பிப் பார்த்தார், அது நின்றது. போன கிழமை அம்மாவோடு ரெலிபோனில் கதைக்கும்போது, அடுத்தமுறை வந்தால் மேலே உங்களுக்கென்று பெரிய அறை, யன்னலால் வானம் தெரியும் என்று அண்ணை ஆசைகாட்டினார்.

"அதுக்கு இன்னொரு படியோ?" என்று கேட்டார் அம்மா.

"ஓம் அம்மா, சின்னப் படிதான்."

"ரண்டு பக்கமும் பிடி போடு. இல்லாட்டி எனக்குக் கீழை குசினிக்குப் பக்கத்திலை ஒரு பாயைப் போட்டுவிடு."